மொத்தச் சேமிப்பையும் நெட் பேங்கிங்கில் வைக்கலாமா?

பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். ஓய்வுத் தொகை முழுவதும் கணக்கில் வந்துவிட்டது. நெட் பேங்கிங் வேண்டுமா என்று வங்கியில் கேட்கிறார்கள். இவ்வளவு பெரிய தொகைக்கு அது பாதுகாப்பானதா? கவிதா, நீ வங்கி மென்பொருள் வேலையில் இருக்கிறாய். சொல்லம்மா.

அத்தை: வேண்டவே வேண்டாம் அண்ணா. பாஸ்புக்கும் செக்கும் போதும். நெட்டில் இருந்தால்தானே திருட முடியும்?

கதிர்: பாஸ்புக் வைத்திருந்தாலும் பணம் வங்கிக் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது அத்தை.

கவிதா: ஆமாம் அத்தை. இன்னொன்றும் உண்டு. பல வங்கிகளில் டெபிட் கார்டு விவரமும் ஓடிபியும் இருந்தால் வீட்டிலிருந்தபடியே நெட் பேங்கிங்கைத் தொடங்கலாம். நாம் தொடங்காமல் விட்டதை வேறொருவர் நம் பெயரில் தொடங்கிவிட்டால் நமக்குத் தெரியவே நாளாகும். வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்து அந்த வசதியை முடக்கச் சொல்ல வேண்டும். பதிவு செய்யாமல் விடுவது மட்டும் போதாது.

பெரியப்பா: சரி. வங்கியின் சர்வரையே உடைத்துவிட்டால்?

கவிதா: நடக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அரிது. 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிக்குள் புகுந்தார்கள். அமெரிக்க மத்திய வங்கியின் கிளையான நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் அந்த வங்கி வைத்திருந்த பணத்திலிருந்து 95 கோடி டாலர் அளவுக்கு அனுப்பச் சொல்லிப் போலி உத்தரவுகள் போயின. பெரும்பகுதி தடுக்கப்பட்டது. ஆனாலும் 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர் திரும்பி வந்தது. பெறுபவர் பெயரில் ஃபவுண்டேஷன் என்ற சொல் பிழையாக இருந்ததைப் பார்த்து இடையிலிருந்த வங்கி கேள்வி கேட்டதுதான் காரணம்.

கவிதா: அங்கேகூடப் போனது மத்திய வங்கியின் பணம். தனிப்பட்ட சேமிப்பாளர் யாருடைய கணக்கிலும் கை வைக்கவில்லை. நம்மைப் போன்றவர்களிடம் திருடுகிறவர்களுக்கு அவ்வளவு பாடே தேவையில்லை. நம் கையாலேயே அனுப்ப வைத்துவிடுவார்கள். நான் பயப்படுவது அதற்குத்தான்.

சித்தப்பா: எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு அப்படித்தான் ஆனது. கணக்கு முடங்கப் போகிறது, இந்த ஆப்பைப் போடுங்கள் என்று ஒரு ஃபைல் அனுப்பியிருக்கிறார்கள். சேமிப்புக் கணக்கில் இருந்தது கொஞ்சம்தான். ஃபிக்சட் டெபாசிட்டை ஆன்லைனிலேயே உடைத்து அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

பெரியப்பா: டெபாசிட்டை உடைக்க முடியுமா? அதில் போட்டுவிட்டால் கவலை இல்லை என்றல்லவா நினைத்திருந்தேன்!

கவிதா: பல ஆப்களில் முடியும் பெரியப்பா. பட்டனைத் தட்டி, ஓடிபி போட்டால் பணம் உடனே சேமிப்புக் கணக்குக்கு வந்துவிடும். சில வங்கிகளில் டெபாசிட்டின் பேரில் ஆன்லைனிலேயே கடனும் எடுக்கலாம். அதனால் டெபாசிட் போடும்போதே, கிளைக்கு நேரில் வந்தால் மட்டுமே முன்கூட்டி முடிக்கவும் கடன் எடுக்கவும் முடியும்படி செய்து தருவார்களா என்று கேளுங்கள். சிங்கப்பூரின் பெரிய வங்கிகள் 2023 நவம்பரில் இதையே ஒரு வசதியாகக் கொண்டுவந்தன. பூட்டிவைத்த தொகையை ஆன்லைனில் யாரும் அனுப்ப முடியாது, கணக்குக்கு உரியவரும்கூட. எல்லா நாட்டு வங்கிகளும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

அத்தை: ஓடிபி நம் போனுக்குத்தானே வரும்? சொல்லாமல் இருந்தால் போதாதா?

கவிதா: அந்த ஆசிரியை சொல்லியே இருக்க மாட்டார் அத்தை. அந்த மாதிரி ஆப் உள்ளே வந்ததும் குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கும், அப்புறம் 'அணுகல்தன்மை' என்று ஒரு அனுமதி கேட்கும். இரண்டாவதைக் கொடுத்தால் திரையில் உள்ளதை அதுவே படிக்கும், நமக்குப் பதிலாக அதுவே பட்டனைத் தட்டும். ஆப் ஸ்டோருக்கு வெளியே, வாட்ஸ்அப்பில் வரும் ஃபைலைத் திறக்கவே கூடாது.

கதிர்: போன் நம் கையில் இருக்கும்போதே நம் எண்ணை அவர்களிடம் இருக்கும் வேறொரு சிம்முக்கு மாற்றிவிடுகிறார்கள், ஓடிபியும் அங்கே போய்விடும். திடீரென்று சிக்னல் போய், வெகு நேரம் வராமல் இருந்தால் வேறொரு போனிலிருந்து முதலில் வங்கிக்குப் பேசுங்கள்.

கவிதா: குறுஞ்செய்தியையும் முழுதாகப் படிக்க வேண்டும். நாம் எண்ணை மட்டும் பார்க்கிறோம். போனில் பேசுகிறவர் 'பணத்தைத் திருப்பித் தருகிறோம்' என்பார். செய்தியில் 'புதிய பயனாளியைச் சேர்க்க' என்று இருக்கும், அதாவது நம் பணத்தைப் பெறப் புதிதாக ஒருவரைச் சேர்க்க. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள். காவல்துறை, நீதிமன்றம் என்று யார் பெயரைச் சொன்னாலும் சரி. பாஸ்வேர்டுக்குப் பதிலாக நம் போனின் கைரேகை அல்லது திரைப் பூட்டால் உள்ளே போகும் பாஸ்கீ வசதி இருந்தால் அதற்கு மாறுங்கள். வங்கியின் உண்மையான தளத்தில்தான் அது வேலை செய்யும், போலித் தளத்தில் செய்யாது.

சித்தப்பா: டெபாசிட்டுக்குத்தான் காப்பீடு இருக்கிறதே?

கவிதா: அது வங்கி திவாலானால் கிடைப்பது சித்தப்பா. இந்தியாவில் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை, அமெரிக்காவில் 2,50,000 டாலர் வரை. அந்த வரம்புக்காக வேண்டுமானால் தொகையை இரண்டு வங்கிகளில் பிரிக்கலாம். ஏமாற்றி எடுத்த பணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பெரியப்பா: அப்படியென்றால் ஏமாந்தவன் கதி?

கவிதா: எப்படிப் போனது, எவ்வளவு சீக்கிரம் சொன்னோம் என்பதைப் பொறுத்தது. 2017இல் இந்திய ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, வங்கியின் மீதும் நம் மீதும் தவறில்லாமல் வேறெங்கோ ஓட்டை விழுந்து பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னவருக்குப் பொறுப்பு இல்லை. நாமே ஓடிபியைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது நம் தலையில்தான். பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், ஏமாற்றப்பட்டு நாமே அனுப்பியிருந்தாலும் பெரும்பாலும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை.

அத்தை: கேட்கக் கேட்க பயமாகத்தான் இருக்கிறது. இப்போது அண்ணா என்னதான் செய்வது?

கவிதா: நெட் பேங்கிங் வைத்துக்கொள்ளுங்கள் பெரியப்பா, எனக்கு அதில் தயக்கமே இல்லை. கணக்கை அடிக்கடி பார்க்க முடிவதே பெரிய பாதுகாப்பு. ஆனால் பெரிய தொகை இருக்கும் வங்கியின் ஆப் தினமும் கையில் இருக்கும் போனில் வேண்டாம். கார்டும் மாதச் செலவும் இன்னொரு வங்கியில் இருக்கட்டும். பெரிய கணக்கில் தினசரி அனுப்பும் லிமிட்டை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். லிமிட்டை உயர்த்தினாலோ புதிய பயனாளியைச் சேர்த்தாலோ சில மணி நேரம் காத்திருக்க வைக்கும் வங்கியாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில்தான் வீட்டில் யாராவது 'எதற்கு இது?' என்று கேட்க முடியும்.

பெரியப்பா: சரிம்மா. நாளை கிளைக்குப் போய் டெபாசிட் விஷயத்தையும் லிமிட்டையும் கேட்கிறேன். கதிர், நீயும் கூட வா.

கதிர்: வருகிறேன் பெரியப்பா. வங்கியில் கொடுத்திருக்கும் மின்னஞ்சலின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடலாம். அது இன்னும் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்தே இருக்கும்.

கவிதா: அதை இன்று இரவே செய்துவிடு கதிர். நாளை வரை வேண்டாம்.