மோட்டார் ஸ்டார்ட் எடுக்கும்போது செட்டிங் அழிகிறது: ரீசெட்டுக்குத் தனி ஐசி வேண்டுமா?

வயல்வெளி:
போர்வெல் மோட்டாருக்கு நானே செய்த டைமர் போர்டு. ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர் சிப், 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டர். மோட்டார் எடுக்கும்போது லைன் வோல்டேஜ் நன்றாக இறங்கும். அப்போது சில நாள் போர்டு அப்படியே நின்றுவிடுகிறது. இரண்டு முறை ஈஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத சிப் மெமரி) வைத்த நேரமே அழிந்துபோனது. சிப்பை முதலிலிருந்து ஓடவைக்கும் ரீசெட் பின்னில் 10 கிலோஓம் ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறது. தனி ரீசெட் ஐசி போட வேண்டுமா?

பழைய சால்டர்:
வேண்டவே வேண்டாம் தம்பி. இத்தனை வருடமாக நானும் அதைத்தான் போடுகிறேன். ரெசிஸ்டருக்குக் குறுக்கே ஒரு 1என்4148 டயோடு சேருங்கள், கரண்ட் போனதும் கெப்பாசிட்டர் காலியாகிவிடும். 7805-க்கு முன்னால் 1000 மைக்ரோஃபாரட் போடுங்கள். வேலை முடிந்தது.

அலைவடிவம்:
அண்ணே, கரண்ட் முழுதாகப் போய் வந்தால் அந்த டயோடு உதவும். இவருக்குக் கரண்ட் போகவில்லை, இறங்கி ஏறுகிறது. 5 வோல்ட் 3-க்கு இறங்கினால் கெப்பாசிட்டர் டயோடு வழியாக 3.6 வரைதான் இறங்கும். எது லோ, எது ஹை என்பதைச் சிப் தன் சப்ளையை வைத்துத்தான் பார்க்கிறது. 3 வோல்ட் சப்ளையில் 3.6 என்பது ஹைதான். ரீசெட் நடக்கவே நடக்காது. ஆனால் 16 மெகாஹெர்ட்ஸில் ஓட அந்தச் சிப்புக்கு சுமார் 3.8 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே கட்டளைகளைத் தப்பாகப் படிக்கும், கேட்காமலே ஈஈப்ராமில் எழுதும்.

பழைய சால்டர்:
சரி, அதை ஏற்கிறேன். ஆனால் சப்ளை இறங்கினால் ரீசெட் செய்யும் பிரவுன்-அவுட் டிடெக்டர் சிப்புக்குள்ளேயே இருக்கிறதே! ஃபியூஸை (சிப்புக்குள் எழுதும் செட்டிங்) மாற்றினால் போதும். காசு கொடுத்து மேக்ஸ்809 ரீசெட் ஐசி எதற்கு?

அலைவடிவம்:
எந்த அளவில் வைப்பது என்பதுதான் விஷயம். இதே சிப் உள்ள அர்டுயினோ யூனோ போர்டின் ஃபியூஸை அப்படியே எழுதினால் 2.7 வோல்ட். 2.7-க்கும் 3.8-க்கும் நடுவில் போர்டைக் காப்பாற்ற ஆள் இல்லை. 4.3 வைக்க வேண்டும். அது சிப்புக்குச் சிப் 4.1 முதல் 4.5 வரை மாறும், இந்த வேலைக்குப் பரவாயில்லை. ஆனாலும் நான் மேக்ஸ்809 எம் வகைதான் போடுவேன். 4.38-இல் பிடிக்கும், சப்ளை சரியான பிறகும் குறைந்தது 140 மில்லிசெகண்ட் ரீசெட்டிலேயே வைத்திருக்கும். எல் வகை வேண்டாம், அது 4.63-லேயே ரீசெட் செய்துவிடும்.

பழைய சால்டர்:
அதை மாட்டிவிட்டு, சிப்பில் ப்ரோக்ராம் எழுதும் ப்ரோக்ராமரைச் செருகிப் பாருங்கள். மேக்ஸ்809 ரீசெட் லைனை மேலே தள்ளும், ப்ரோக்ராமர் கீழே இழுக்கும்.

அலைவடிவம்:
உண்மைதான். அதற்கு ஓப்பன்-டிரெய்ன் வகை, அதாவது கீழே மட்டும் இழுக்கும், மேலே தள்ளாத மேக்ஸ்803 இருக்கிறது.

வயல்வெளி:
முதலில் ஃபியூஸை 4.3-க்கு மாற்றினேன். பத்து நாளாக ஒன்றும் அழியவில்லை. ஆனால் இப்போது மோட்டார் எடுக்கும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகி ரிலே விட்டுவிடுகிறது.

பழைய சால்டர்:
1000 மைக்ரோஃபாரட் என்று முதலிலேயே சொன்னேனே!

அலைவடிவம்:
அது சில பத்து மில்லிசெகண்ட்தான் தாங்கும் அண்ணே, மோட்டார் எடுக்க ஒரு செகண்டாவது ஆகும். 7805-க்கு உள்ளே வர சுமார் 7 வோல்ட் வேண்டும். லைன் 140-க்கு இறங்கினால் 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரால் அதைத் தர முடியாது. வயல்வெளி, டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு 100–240 வோல்ட் என்று போட்டிருக்கும் 5 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (மொபைல் சார்ஜர் மாதிரி ஸ்விட்சிங் பவர் சப்ளை) ஒன்றை மாட்டுங்கள். 7805-உம் வேண்டியதில்லை. ஃபியூஸ் மட்டும் 4.3-லேயே இருக்கட்டும்.