புதுப்பிப்பு: ‘பிளாக் ஸ்வான் கிரீன்’ முடித்துவிட்டேன்

போன மாதம் டேவிட் மிட்செலின் இந்த நாவலைப் பற்றி, “கதை நகரவே இல்லை, மூன்றாம் அத்தியாயத்தோடு மூடிவிட்டேன்” என்று புலம்பியிருந்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

1982 ஜனவரி முதல் மறு ஜனவரி வரை மாதத்துக்கு ஓர் அத்தியாயம், மொத்தம் 13. இது பிடிபட்டதும் வேகம் தானாக வந்தது.

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் கிராமத்துப் பையன் ஜேசனுக்கு வயது 13, திக்குவாய். சிக்கப்போகும் சொல் முன்கூட்டியே தெரிந்துவிடும். வாக்கியத்தின் நடுவிலேயே வேறு சொல்லுக்குத் தாவுவான். அந்தத் திக்கலுக்கு அவன் வைத்த பெயர் தூக்குப்போடுபவன்! மிட்செலுக்கும் திக்குவாய் உண்டு. அதனால்தான் அந்தப் பக்கங்கள் அவ்வளவு உண்மையாக இருக்கின்றன. ஜேசன் தன் கவிதைகளைப் புனைபெயரில் ஒளிந்து அச்சேற்றுகிறான், பாவம்.

ஃபாக்லாந்து தீவுகளுக்காக 1982-ல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய போர் வரும் அத்தியாயம்தான் என்னை உலுக்கியது. அப்புறம், அந்தக் கால பிரிட்டிஷ் கொச்சை பாதி இன்னும் புரியவில்லை.