ஜாதகக் கட்டம் படிக்கப் பழகுகிறேன்: நோட்டில் சனி மகரம், ஆப்பில் கும்பம், எதை வைத்துக் கற்பது?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். ஜாதகம் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை, இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். 12 ராசி, 27 நட்சத்திரம், எந்த வீட்டுக்கு யார் அதிபதி, யார் எங்கே உச்சம் என்பது வரை மனப்பாடம். அதற்கு மேல் போனால் குழம்புகிறது. யூடியூபில் ஒருவர் லக்னத்திலிருந்து எண்ணு என்கிறார், இன்னொருவர் சந்திரனிலிருந்து எண்ணு என்கிறார், ஓர் இந்தி வீடியோவில் கட்டமே வேறு மாதிரி, குறுக்குக் கோடு போட்டு சாய்வாக இருக்கிறது, அதில் 5 என்று எழுதியிருப்பதை ஐந்தாம் வீடு என்று எடுத்துப் படித்தால் ஒன்றும் பொருந்தவில்லை.

பழகிப் பார்க்க அக்கா பையனுடைய ஜாதகத்தை எடுத்தேன். 2023 ஆகஸ்ட் 31, ஆவணி 14, காலை 6.30, மதுரை. சிம்ம லக்னம், சதயம் 2ஆம் பாதம். ஊர் ஜோசியர் எழுதிக் கொடுத்த நோட்டில் சனி மகரத்தில் இருக்கிறது. போன் ஆப்பில் போட்டால் கும்பத்தில், சந்திரனோடு சேர்ந்து நிற்கிறது. எது சரி? அப்புறம், கட்டத்தைக் கையில் வாங்கியதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆனைமலை:
தம்பி, அந்த இந்திக் கட்டத்தை இப்போதைக்கு ஒதுக்கி வை. வடக்கே லக்னம் எப்போதும் மேலே நடுவில் நிற்கும், உள்ளே எழுதும் எண் ராசியின் எண். 5 என்றால் சிம்மம், அவ்வளவுதான். நம் கட்டத்தில் ராசிகள் இடம் மாறவே மாறாது. மேல் வரிசையில் இடது மூலை மீனம், அதற்கு அடுத்தது மேஷம், அங்கிருந்து பிரதட்சிணமாக எண்ணிக்கொண்டு வா. 'ல' என்று போட்டிருக்கும் கட்டம்தான் லக்னம், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி, அதுதான் முதல் வீடு.

முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டாய். பலன் பார்க்காதே, கட்டம் சரியா என்று பார். அதற்கு ஆப் வேண்டாம், தமிழ் மாதம் தெரிந்தால் போதும். சித்திரையில் சூரியன் மேஷம், வைகாசியில் ரிஷபம், அப்படியே வந்தால் ஆவணிக்குச் சிம்மம். பையன் ஆவணிப் பிறப்பு, சூரியன் சிம்மத்தில் இருந்தாக வேண்டும். அடுத்து திதி. அமாவாசை என்றால் சந்திரன் சூரியனோடு, பௌர்ணமி என்றால் ஏழாம் இடத்தில். அன்று காலை ஏழு மணி சுமார் வரை பௌர்ணமி இருந்தது, சிம்மத்துக்கு ஏழு கும்பம், சதயமும் கும்பம்தான், பொருந்துகிறதா? அப்புறம் லக்னம். சூரியன் உதிக்கும் நேரத்தில் சூரியன் நிற்கும் ராசிதான் லக்னம், சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ராசி நகரும், அஸ்தமன வேளையில் ஏழாம் ராசிக்கு வந்திருக்கும். ஆறு மணி சுமாருக்கு உதயம், இவன் 6.30, ஆக சிம்ம லக்னம் சரி. ஆனால் அன்று ஏழு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கன்னி லக்னம் தொடங்கிவிடும், ஆகவே பிறந்த நேரத்தை அக்காவிடம் இன்னொரு தடவை கேட்டுக்கொள். ஆஸ்பத்திரியில் எழுதிய நேரமும் வீட்டில் சொல்லும் நேரமும் அரை மணி வித்தியாசப்படுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது, அதனால் சூரியன் இருக்கும் கட்டத்திலோ முன்பின் ஒரு கட்டத்திலோதான் இருக்கும். சுக்கிரன் அதிகபட்சம் இரண்டு கட்டம் தள்ளி. ராகுவும் கேதுவும் எப்போதும் நேர் எதிர். இதில் எது இடித்தாலும் கட்டம் எழுதியதில் பிழை, அதற்கு உட்கார்ந்து பலன் சொல்வது வீண். யாருடைய ஜாதகம் கிடைத்தாலும் முதலில் இதைச் செய், பத்துப் பதினைந்து கட்டம் பார்ப்பதற்குள் கண் தானாகப் பிழையைப் பிடிக்கும்.

திருக்கணிதன்:
சனி விஷயம் எளிது. நோட்டு வாக்கியப் பஞ்சாங்கம், அதாவது பழைய வாக்கியங்களை வைத்துக் கணிப்பது. ஆப் திருக்கணிதம், அதாவது வானத்தில் கிரகம் நிற்கும் இடத்தோடு ஒத்துக் கணிப்பது. திருக்கணிதப்படி சனி கும்பத்துக்கு வந்தது 2023 ஜனவரி 17, வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. இடையில் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் இதே குழப்பம் வரும்.

என்னைக் கேட்டால் ஆப்பில் இருப்பதுதான் சரி. காரணம் வானமே. அந்த ஆகஸ்ட் 30 ராத்திரி மொட்டைமாடியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், முழு நிலாவுக்குப் பக்கத்திலேயே சனி மின்னிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை இவன் பிறக்கும்போது இரண்டுக்கும் நடுவே நாலு பாகைகூட இல்லை. நோட்டில் சந்திரன் சதயத்திலும் சனி மகரத்திலும் என்றால் அந்த நெருக்கமே தெரியாமல் போகிறது. பலனிலும் இது சின்ன விஷயம் கிடையாது. கும்பத்தில் என்றால் சனி ஏழாம் வீட்டில், ஏழாம் பார்வை (தான் நிற்கும் வீட்டிலிருந்து எண்ணி ஏழாவது வீட்டைப் பார்ப்பது) லக்னத்திலேயே விழும், மூன்றாம் பார்வை மேஷத்தில் இருக்கும் குருவின் மேல் விழும். மகரத்தில் என்றால் ஆறாம் வீடு, பார்வை மீனம், கடகம், துலாம் என்று போகும், லக்னத்தைத் தொடவே தொடாது.

கருங்குழி:
திருக்கணிதன் ஐயா சொல்லும் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் வாக்கியத்தை இப்படித் தள்ளிவிடக் கூடாது. திருநள்ளாறில் சனிப்பெயர்ச்சி நடப்பது வாக்கியப்படிதான், 2023லும் டிசம்பர் 20 அன்றுதான் நடந்தது. நம் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களில் தாத்தா காலத்திலிருந்து பொருத்தம், முகூர்த்தம் எல்லாம் அதை வைத்துத்தான் பார்த்து வருகிறார்கள், அந்த ஜோசியர்கள் பலன் சொல்லும் முறையும் அதோடு சேர்ந்தே வளர்ந்தது. பிடிக்கக் கூடாத வழி என்று நான் நினைப்பது ஒன்றுதான், பாதி இதிலும் பாதி அதிலும் எடுப்பது. கட்டம் ஆப்பில், தசை இருப்பு (பிறக்கும்போது நடக்கும் கிரக காலத்தில் மீதி) நோட்டில் என்று கலந்தால் எதுவுமே சரிபார்க்க முடியாது.

கற்கிற காலத்துக்குத் திருக்கணிதமே வசதி என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஏனென்றால் திருக்கணிதன் ஐயா சொன்ன மாதிரி வானத்தோடு ஒத்துப் பார்க்கலாம். ஆப்பின் செட்டிங்கில் அயனாம்சம் (ராசிச் சக்கரம் எங்கே தொடங்குகிறது என்பதற்கான திருத்தக் கணக்கு) லாகிரி என்று இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். வேறு அயனாம்சம் போட்டால் ராசி எல்லையில் நிற்கும் கிரகம் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி. ஆனைமலை ஐயா சொன்னபடி பார்த்தேன். சூரியனும் புதனும் சிம்மம், சுக்கிரன் கடகம், செவ்வாய் கன்னி, கேது துலாம், சனியும் சந்திரனும் கும்பம், குருவும் ராகுவும் மேஷம். எல்லாம் பொருந்துகிறது. இப்போது லக்னத்திலிருந்து எண்ணுவதா, சந்திரனிலிருந்து எண்ணுவதா? தசை இருப்பு எப்படி வருகிறது என்றும் சொன்னால் நன்றாக இருக்கும்.

கருங்குழி:
பிறப்பு ஜாதகத்துக்கு லக்னம். கோசாரம், அதாவது இன்றைக்கு வானத்தில் சனி எங்கே, குரு எங்கே என்று பார்க்கும்போது நம் ஊர் வழக்கம் சந்திரன். ஏழரைச் சனி சந்திரனை வைத்துத்தான்.

ஒரே ஒரு கிரகத்தை எடுத்து முழுசாகப் படித்துப் பாருங்கள், அதுதான் நல்ல பயிற்சி. இந்தக் கட்டத்தில் குருவை எடுப்போம். சிம்ம லக்னத்துக்கு தனுசு ஐந்து, மீனம் எட்டு, ஆக குருவுக்கு நல்ல வீடு ஒன்று, கடினமான வீடு ஒன்று. நிற்பது மேஷம், ஒன்பதாம் வீடு, திரிகோணம் (1, 5, 9 ஆகிய நல்ல வீடுகளில் ஒன்று), வீடு கொடுத்த செவ்வாய் நட்பு கிரகம். கூடவே ராகு. ஐந்தாம் பார்வை சிம்மத்தில், லக்னத்தின் மேலும் ஆட்சி பெற்ற, அதாவது சொந்த வீட்டில் நிற்கும், சூரியன் மேலும் விழுகிறது. ஒன்பதாம் பார்வை தன் சொந்த வீடான தனுசில். இத்தனையும் சேர்த்துப் பார்க்காமல் "குரு ஒன்பதில், அதிர்ஷ்டம்" என்று ஒரே வரியில் முடிப்பதால்தான் இணையத்தில் படிக்கும் பலன் எதுவும் யாருக்கும் ஒட்டுவதில்லை. எந்த வீட்டுக்காரன், எங்கே நிற்கிறான், யாரோடு, யார் பார்க்கிறார்கள், எதைப் பார்க்கிறான். ஒவ்வொரு கிரகத்துக்கும் இப்படி எழுதுங்கள், ஒரு கிரகத்துக்கு ஒரு சாயங்காலம் ஆனாலும் பரவாயில்லை.

ஆனைமலை:
தசைக்கு நான் சொல்கிறேன். சதயம் ராகு நட்சத்திரம், ராகு தசை மொத்தம் 18 வருஷம். நட்சத்திரத்துக்கு நாலு பாதம், ஆக பாதத்துக்கு நாலரை வருஷம். இவன் பிறந்தபோது சந்திரன் இரண்டாம் பாதத்தின் கடைசிப் பக்கம், ஆகவே ஏறக்குறைய பாதி தசை கர்ப்பத்திலேயே போயாயிற்று, மீதி 9 வருஷமும் சில மாதமும். நோட்டில் 'கர்ப்பச் செல் போக ராகு தசை இருப்பு' என்று எழுதியிருப்பது இதைத்தான். நோட்டும் ஆப்பும் சில மாதம் வித்தியாசப்பட்டால் அது சந்திரனின் பாகை வித்தியாசம், பயப்பட வேண்டாம். 2033 வாக்கில் குரு தசை 16 வருஷம் தொடங்கும், கருங்குழி இப்போது படித்துக் காட்டிய அதே குரு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் தம்பி. 12 வயது வரை குழந்தைக்குப் பலன் சொல்லக் கூடாது என்பது பெரியவர்கள் வைத்த வழக்கம். நீ கட்டம் பழகு, எழுது, ஆனால் அக்காவிடம் போய் ஏழில் சனி சந்திரன் என்று எதையும் சொல்லிவிடாதே. பலன் பழகுவதற்கு ஐம்பது வயது தாண்டிய உறவினர் யாருடைய ஜாதகத்தையாவது கேட்டு வாங்கு. கல்யாணம், வேலை, வீடு கட்டியது எந்த வருஷம் என்று அவர்களே சொல்வார்கள், அந்த வருஷம் எந்த தசை, அதற்குள் உட்பிரிவாக எந்த புத்தி நடந்தது என்று நீ எழுதிப் பார்த்து, அடுத்த வாரம் இங்கேயே போடு.