பேய்ப்படத்தைக் கூட்டத்தோடு பார்த்த கதைகள்

திகில் பட விழாவுக்குப் போய்வந்தவர்கள் இங்கே கொஞ்சம் பேராவது இருப்பீர்கள். என்னென்ன படம் பார்த்தீர்கள் என்ற பட்டியல் வேண்டாம், அது எங்கே தேடினாலும் கிடைக்கும். யாரோடு பார்த்தீர்கள், கூட்டம் என்ன செய்தது, அதை எழுதுங்கள். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

நான் போனது பெல்ஜியத்தில் நடக்கும் பிரஸ்ஸல்ஸ் ஃபன்டாஸ்டிக் திரைப்பட விழா. 1983இல் தொடங்கியது. வசந்த காலத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் நடக்கும். பேய்ப்படம், ரத்தக்களறி, அறிவியல் புனைவு, எந்த வகையிலும் அடங்காத கிறுக்குப் படங்கள் எல்லாம் உண்டு. நான் போன காலத்தில் சில ஆண்டுகள் விழா போசார் கலை மாளிகையில் நடந்தது. விக்டர் ஹோர்ட்டா வடிவமைத்த கட்டடம். அதன் பெரிய அரங்கில்தான் எலிசபெத் மகாராணி இசைப் போட்டியின் இறுதிச் சுற்று நடக்கும். வயலின் கேட்க வருகிறவர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்காருகிற இடம். இங்கே கூட்டம் கொஞ்சம் பவ்யமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் திரையில் முழுநிலா வந்தது. மாடத்திலிருந்து யாரோ ஒருவர் ஊளையிட்டார். அவ்வளவுதான், அரங்கமே சேர்ந்துகொண்டது. கோட்டுப் போட்ட பெரியவர்கள், மேக்கப்பில் பாதி முகத்தைக் கிழித்துக்கொண்டு வந்த பெண்கள், எனக்கு முன்வரிசையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த சாதுவான மனிதர், எல்லாரும் தலையை அண்ணாந்து ஓநாயாகிவிட்டார்கள். அடுத்து, கதாநாயகி வீட்டுக்குள் நுழைந்தாள், கதவைச் சாத்தாமல் போனாள். "கதவு! கதவு!" என்று பிரெஞ்சில் அத்தனை குரல். யாராவது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் "உன் பின்னால்!" என்று எச்சரிக்கை. பாவம், அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம்தான் இந்தக் கூச்சலுக்கும் ஒரு கணக்கு இருப்பது பிடிபட்டது. சுமாரான படத்தைக் கூட்டம் தோளில் தூக்கிக்கொள்ளும். திரையில் மொக்கை வசனம் வந்தால் கீழே இருந்து அதைவிட நல்ல வசனம் ஒன்று வரும். படம் உண்மையாகவே ஆளைப் பிடித்துவிட்டால் கூட்டம் தானாக அடங்கிவிடும், யாரும் உஷ் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு படம். ஒரு தாய், ஒரு குழந்தை, ஒரு வீடு, வேறு ஒன்றுமில்லை. ரொம்ப மெதுவாகப் போனது. கடைசிப் பகுதியில் ஜன்னலுக்கு வெளியே நிலா எழும்பியது. வழக்கம்போல ஒரு மூலையில் ஊளை கிளம்பியது, பாதியிலேயே நின்றுவிட்டது. கூடச் சேர ஒருவரும் இல்லை. அந்தப் படத்துக்கு விழாவில் என்ன பரிசு கிடைத்தது என்று எனக்கு நினைவில்லை. அந்தப் பாதி ஊளையைவிடப் பெரிய பரிசு இருக்க முடியாது என்பது என் கட்சி. (அங்கே தரும் பெரிய பரிசின் பெயர் தங்க அண்டங்காக்கை. பெயருக்காகவே வாங்கலாம்.)

அப்புறம் பாட்டு. மேடைக்கு வரும் விருந்தினர் யாராக இருந்தாலும் கூட்டம் "பாட்டு, பாட்டு" என்று பிடித்துக்கொள்ளும். பாடாமல் இறங்க முடியாது. ஓர் இளம் இயக்குநர், படம் முழுக்கக் கையும் காலும் துண்டு துண்டாகப் பறக்கிற படம் எடுத்தவர், மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு காது சிவக்க நின்றார். கடைசியில் அவருடைய மொழியில் ஒரு தாலாட்டுப் பாடினார். ஒரு சொல் புரியவில்லை. இரண்டாம் தடவை பாடும்போது அரங்கமே ராகத்தை முனகியது. பாடி முடித்ததும், "இந்தப் படத்தைத் திரையிடுவதற்குக்கூட இவ்வளவு பயந்ததில்லை" என்றார். அதன் பிறகு அந்தப் படத்தை எப்படித் திட்டுவது? உண்மையில் படம் ரொம்பச் சுமார்.

மற்றவர்கள் தொடருங்கள்.

*

அண்ணா, உங்களுக்கு ஓநாய் என்றால் எங்களுக்குப் பூனை.

கனடாவில் மொன்ட்ரியலில் நடக்கும் ஃபன்டாசியா விழாவுக்குப் போயிருக்கிறேன். 1996இல் தொடங்கியது, கோடையில் நடப்பது, கிட்டத்தட்ட மூன்று வாரம் நீளும். கான்கார்டியா பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கம்தான் முக்கியமான இடம். விளக்கு மங்கும்போது இருட்டில் ஒரு "மியாவ்". எதிர்மூலையிலிருந்து பதில் மியாவ். பிறகு நாலு திசையிலிருந்தும். இப்படிப் பூனைக் கச்சேரி முடிந்த பிறகுதான் படம். பழக்கமில்லாத இயக்குநர்கள் மேடையோரத்தில் நின்று திருதிருவென்று விழிப்பதைப் பார்க்க வேண்டும். என் பக்கத்தில் இருந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வரிசையில் நிற்கும்போது ஜப்பானியப் பேய்ப்படங்களில் ஒலியமைப்பு என்று எனக்குப் பாடமே எடுத்தவர். விளக்கு அணைந்ததும் அவ்வளவு மெல்லிசாக, அடிபட்ட குட்டி மாதிரி ஒரு மியாவ் விட்டார் பாருங்கள், அந்தக் குரல் இவருக்குள் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

எனக்கு அந்த விழாவில் படத்துக்குச் சமமாகப் பிடித்தது வரிசை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போகும். எந்தப் படத்தை விடக்கூடாது, எதற்குப் போனால் தூக்கம் நிச்சயம் என்ற உண்மையான தகவல் எல்லாம் வரிசையில்தான் கிடைக்கும். கையேட்டில் எல்லாப் படமும் "மறக்க முடியாத அனுபவம்" என்றுதான் போட்டிருக்கும். முன்னால் ஆங்கிலம், பின்னால் பிரெஞ்சு, நடுவில் நான். ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் சடோஷி கோனின் முதல் படம் 'பெர்ஃபெக்ட் ப்ளூ' உலகிலேயே முதன்முதலாகத் திரையிடப்பட்டது 1997 ஃபன்டாசியாவில்தான். அந்தக் காட்சியில் தான் இருந்ததாக வரிசையில் ஒருவர் சொன்னார். அதற்குள் இன்னொருவரும் தானும் இருந்தேன் என்றார். இப்படிச் சொல்கிற எல்லாரும் உள்ளே இருந்திருந்தால் அரங்கம் தாங்கியிருக்காது. இருந்தாலும் அவர்கள் சொல்லும்போது கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

*

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எனக்கு ஊளை, மியாவ் இதெல்லாம் ஒத்துவராது. பயப்படுவதற்குத்தான் வருகிறேன். பயம் வருவதற்குள் பக்கத்தில் ஒருவர் ஜோக் அடித்தால், போன பயம் திரும்பி வராது. மேலே எழுதியவர் பாதி ஊளை நின்றதைப் பெருமையாகச் சொல்கிறார். நான் கேட்பது, ஆரம்பத்திலேயே அந்த ஊளை இல்லாமல் இருந்திருந்தால் படம் இன்னும் நன்றாக இருந்திருக்காதா?

நான் போனது ஸ்பெயினில் சிட்ஜஸ். பார்சிலோனாவிலிருந்து ரயிலில் போய்விடலாம், சுமார் 35 கிலோமீட்டர். 1968 முதல் நடக்கிறது, இந்த வகை விழாக்களில் மூத்தவற்றில் ஒன்று. அக்டோபர் மாதம். ஊர் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும். விழாவின் சின்னம் கிங் காங் குரங்கு, சிலையாகத் தரும் பரிசு 1927இல் வந்த 'மெட்ரோபோலிஸ்' படத்தின் இயந்திரப் பெண் மரியா. ஊரில் கடைக்குக் கடை அந்தக் குரங்குதான்.

அங்கேயும் கூட்டம் சும்மா இருப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். படத்துக்கு முன் விழாவின் சின்னம் வரும்போது கைதட்டுவார்கள். படத்தில் ஒரு கொலை நன்றாக அமைந்துவிட்டால் அதற்கும் கைதட்டல். வெளியாள் பார்த்தால் இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று தோன்றும். எனக்கு அதில் குறை தெரியவில்லை. அந்தக் கழுத்தைச் செய்வதற்கு எவனோ ஒருவன் ரப்பரையும் சிலிகானையும் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு வேறு எங்கே கைதட்டல் கிடைக்கும்? கைதட்டி முடித்ததும் திரும்ப அமைதி. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

அங்கே காலைக் காட்சி இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன். பேய்ப்படம் என்றால் நள்ளிரவு என்று ஒரு பழக்கம் இருக்கிறது. சிட்ஜஸில் விடிந்தும் விடியாமலும் எழுந்து, பல்லைத் தேய்த்துக்கொண்டு நேராகப் பிணத்தின் முன்னால் போய் உட்காருவீர்கள். ராத்திரி பார்க்கும்போது உடம்பு தயாராக இருக்கும், இருட்டுக்குப் பிறகு எதுவும் வரலாம் என்று ஒரு காவல் போட்டு வைத்திருக்கும். காலையில் அந்தக் காவல் இருக்காது. எனக்குள் ஆழமாக இறங்கிய காட்சிகள் எல்லாம் அந்த நேரத்தில் பார்த்தவைதான். படம் முடிந்து வெளியே வந்தால் கண் கூசுகிற வெயில், கடற்கரையில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் ஜனங்கள், நாயோடு நடக்கும் பாட்டி. இவர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று தோன்றும். அந்தப் பாட்டியைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தேன் என்பதும் உண்மை.

ஜாம்பி ஊர்வலமும் ஒன்று உண்டு. முகமெல்லாம் அழுகிப்போய், குடலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம். தள்ளுவண்டியில் இருந்த குழந்தைக்கும் மேக்கப். சாலையைக் கடக்கப் பச்சை விளக்கு எரியும்வரை அத்தனை பிணங்களும் பொறுமையாக நின்றன.

*

இடையில் ஒரு வரி. டெக்சாஸில் ஆஸ்டின் நகரத்து ஃபன்டாஸ்டிக் ஃபெஸ்ட் விழாவில் சினிமா பற்றி விவாத மேடை நடக்கும். கொஞ்ச நேரம் வாயால் வாதாடுவார்கள், பிறகு அதே இரண்டு பேரும் கையுறை மாட்டிக்கொண்டு நிஜமாகவே குத்துச்சண்டை போடுவார்கள். பொழிப்புரை எழுதுகிற விமர்சகர்கள் எல்லாரையும் அங்கே ஒரு தடவை அனுப்பிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

*

சத்தமா அமைதியா என்று சண்டை போடுகிறீர்கள். எனக்குப் பக்கத்து இருக்கைதான் விழா.

லண்டன் ஃப்ரைட்ஃபெஸ்ட், 2000இல் தொடங்கியது. ஆகஸ்ட் கடைசியில் வங்கி விடுமுறை என்று அங்கே சொல்லும் பொது விடுமுறையை ஒட்டி, வியாழன் இரவில் ஆரம்பித்துத் திங்கள்வரை. நான் போன காலத்தில் மொத்த விழாவுக்கும் பாஸ் வாங்கினால் கடைசிவரை ஒரே இருக்கை. காலையிலிருந்து நள்ளிரவு தாண்டும்வரை ஒரே இடம், பக்கத்தில் அதே ஆள். முதல் படத்தில் வணக்கம் சொல்வீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருடைய சர்க்கரை மாத்திரை நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

என் பக்கத்தில் ஓர் அம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைசிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். மடியில் பின்னல் வேலை. கையில் ஊசி ஓடிக்கொண்டே இருக்கும், கண் திரையில். திரையில் ஒருவனுக்கு வயிற்றைக் கிழித்தார்கள். நான் முகத்தைத் திருப்பினேன். அவர் என் பக்கம் சாய்ந்து, "அந்த இடத்தில் இவ்வளவு ரத்தம் வராது" என்றார். அடுத்த படத்தில் தொடையில் வெட்டு. "இது சரி. இவன் பிழைக்க மாட்டான்" என்றார். அவர் சொன்ன நேரத்துக்கு அவன் செத்தான். அதன் பிறகு எனக்குப் பயமே போய்விட்டது. யாருக்கு அடிபட்டாலும் திரையைப் பார்க்காமல் அவரைப் பார்ப்பேன். தலையை ஆட்டினால் ஆள் தேறிவிடுவான். உதட்டைப் பிதுக்கினால் அவ்வளவுதான்.

இவ்வளவு ரத்தத்துக்கும் அசையாதவர், ஒரு படத்தில் ஒரு நாய்க்குட்டி இருட்டில் தனியாக மாடிப்படி இறங்கியதும் பின்னலைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதற்கு ஒன்றும் ஆகாதே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் ஆகாது என்று சொன்னேன். நாய் பிழைத்தது. அந்த அரங்கில் அன்று நாய்க்காக எழுந்த பெருமூச்சு எந்தக் கதாநாயகனுக்கும் கிடைக்கவில்லை.

ஏன் இந்த மாதிரிப் படங்களைப் பார்க்கிறீர்கள், இத்தனை வருஷம் பார்த்தது போதாதா என்று கேட்டேன். "இங்கே யாரையும் நான் காப்பாற்ற வேண்டியதில்லை" என்றார். பின்னலை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

2020இல் பெருந்தொற்றால் விழா இணையத்தில் நடந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். படங்கள் நன்றாகத்தான் இருந்தன. ஒருவனுக்குக் கத்திக்குத்து விழுந்தது. பிழைப்பானா மாட்டானா என்று கேட்க ஆள் இல்லாமல் படத்தை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

*

தொடங்கியவனே திரும்பவும் வருகிறேன். சிட்ஜஸ் நண்பருக்கு: உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் ஊளை இல்லாமலே இருந்திருந்தால், அந்த அரங்கம் எப்போது அடங்கியது என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. படம் இன்னும் நன்றாக இருந்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு நினைவில் நின்றிருக்குமா என்பதுதான் சந்தேகம். நீங்கள் காலைக் காட்சியைச் சொன்னது எனக்குப் புதிது, அதற்காகவே சிட்ஜஸ் போக வேண்டும்.

தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், பயந்த சுபாவம் உள்ளவர்கள் தனியாகப் போகலாமா என்று. தாராளமாகப் போகலாம். பயந்தவர்களுக்குத்தான் அங்கே மரியாதை அதிகம். நன்றாகக் கத்தத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் மொத்த வரிசைக்கும் கொண்டாட்டம். ஓரத்து இருக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள், எழுந்து போக வேண்டியிருந்தால் யார் காலையும் மிதிக்க வேண்டாம். பட்டினியோடு நள்ளிரவுத் தொடர்காட்சியில் உட்காராதீர்கள், மூன்றாவது படத்தில் கனவு எது திரை எது என்று குழம்பிவிடும். முதலில் குறும்படத் தொகுப்பு ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். பிடிக்காத கதை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், அடுத்ததில் பேய்க்குப் பதில் வேற்றுக்கிரகவாசி வருவான்.

போசார் காலத்தில் பிரஸ்ஸல்ஸ் போனவர்கள் வேறு யாராவது இருந்தால் ஒன்று சொல்லுங்கள். அந்தத் தாலாட்டு இயக்குநர் அப்புறம் வேறு படம் எடுத்தாரா?