மேடையில் பாடும் பிள்ளையின் வருமானம் யார் பொறுப்பில் இருக்க வேண்டும்?

தாய்மாமன், சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை மகளுக்கு 11 வயது. இரண்டு ஆண்டுகளாக ஓர் இசைக்குழுவோடு சேர்ந்து கல்யாண விருந்துகளிலும் கோயில் திருவிழாக்களிலும் பாடி வருகிறாள். ஓர் இரவுக்கு 200 வெள்ளி (ரிங்கிட்) கிடைக்கும், திருவிழாக் காலத்தில் 300 வெள்ளியும் கிடைப்பதுண்டு. பாடி முடித்ததும் சிலர் மேடைக்கு வந்து உறையில் வைத்து அன்பளிப்பும் தருவார்கள். அந்த உறையைத் திறந்துகூடப் பார்க்காமல் அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிட்டு அடுத்த பாட்டுக்கு ஓடிவிடுவாள்.

சென்ற மாதம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி நூல்களுக்கு 38 வெள்ளி கேட்டார்கள். சம்பளம் வரட்டும் என்று தந்தை சொல்லிவிட்டார். அன்று மாலை அவள் என்னிடம், "மாமா, நான் பாடுற காசெல்லாம் எங்க போவுது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. மச்சான் கெட்ட பழக்கம் எதுவும் இல்லாதவர். செம்பனை ஆலையில் லோரி ஓட்டுகிறார். பிள்ளையை அழைத்துப் போவதற்கென்றே வாங்கிய வேனின் மாதத் தவணைக்கும் வீட்டு வாடகைக்கும் அந்தப் பணம் போகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அது யாருடைய பணம், யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வி என்னை விடவில்லை. தாய்மாமன் என்ற முறையில் இதைக் கேட்க எனக்கு இடமுண்டா என்பதையும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

ஐயா, நான் ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள். பள்ளி விடுமுறை நாள்களில் விடியும் முன்பே அம்மாவோடு ரப்பர் மர நிரைக்குப் போய், பால் வடியும் மங்குகளைத் துடைத்துக் கவிழ்ப்பேன். வெட்டுக் கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பரை உரித்துக் கூடையில் போடுவேன். என் கூடை நிறுக்கப்பட்டதும் அம்மாவின் பெயரில்தான், செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் ஏறியதும் அம்மாவின் பெயர்தான். எங்கள் லயத்தில் எத்தனையோ பிள்ளைகள் அப்படி உழைத்தார்கள், ஒருவர் பெயரும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்று அந்தக் காசு அரிசியாக வீட்டுக்கு வந்தது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், பிள்ளையின் உழைப்பு பெரியவர் பெயரில்தான் நிறுக்கப்பட வேண்டுமா? அவள் கேட்ட கேள்வி மிகச் சரியான கேள்வி. கேட்டதற்காக யாரும் அவளைக் கடிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாய்மாமன் கேட்காமல் வேறு யார் கேட்பது?

உறுமி வாசிக்கும் மகனின் தந்தை, பீடோர்:

ஆசிரியை அம்மா சொன்னதை மதிக்கிறேன், ஆனாலும் தந்தையின் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். என் மகன் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறான். மேளத்தின் தோல் கிழிந்தால் மாற்றுவதும், சீருடை தைப்பதும், இரவு ஒரு மணிக்குக் கோயில் வாசலில் காத்திருந்து தூங்கி விழுகிற பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவருவதும் நான்தான். அந்த இரவுகளுக்காக நான் விட்டுக்கொடுத்த ஓவர்டைம் சம்பளத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிடுகிற வீட்டில் இது உன் காசு, இது என் காசு என்று பிரித்தால், பிள்ளை தகப்பனைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கிவிடாதா? வருமானம் முழுவதையும் பூட்டி வைக்கச் சொல்வது எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஆகாத காரியம்.

கூட்டுறவுக் கடன் சங்கக் கணக்கர், ஈப்போ:

பீடோர் நண்பர் சொல்லும் செலவு உண்மையான செலவு, அதைக் கழித்துக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் செலவைக் கழிப்பது வேறு, பணத்துக்கே உரிமையாளர் ஆகிவிடுவது வேறு. இந்த வேறுபாட்டை உலகம் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1921இல் சார்லி சாப்ளினோடு நடித்துப் புகழ்பெற்ற ஜாக்கி கூகன் என்ற சிறுவன் சம்பாதித்தது மூன்று, நான்கு மில்லியன் டாலர் இருக்கும் என்பார்கள். வளர்ந்த பின் ஒன்றும் மிஞ்சவில்லை என்று அறிந்து, 1938இல் தன் தாயின் மீதும் மாற்றாந்தந்தையின் மீதும் வழக்குத் தொடுத்தான். இறுதியில் கைக்கு வந்தது ஏறத்தாழ 126,000 டாலர். அதையொட்டிக் கலிபோர்னியா மாநிலம் 1939இல் ஒரு சட்டம் இயற்றியது. ஆனாலும் பிள்ளையின் சம்பாத்தியம் பிள்ளைக்கே சொந்தம் என்று அங்கே தெளிவாக எழுதப்பட்டு, மொத்த ஊதியத்தில் 15 விழுக்காடு கட்டாயமாக ஒதுக்கப்பட வேண்டும் என்ற விதி உறுதியானது 2000ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகுதான். இந்தியாவில் 2017இல் வந்த விதிகளின்படி, நடிக்கும் பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போடப்பட வேண்டும்.

நம் மலேசியாவில் 1966ஆம் ஆண்டின் சிறார் மற்றும் இளையோர் வேலைச் சட்டம் இருக்கிறது. 15 வயது நிறையாத பிள்ளை பொதுக் கேளிக்கை நிகழ்ச்சிகளில் வேலை செய்வதற்கு உரிமம் வேண்டும் என்று சொல்கிற அந்தச் சட்டம், ஊதியத்தில் இத்தனை பங்கு பிள்ளைக்கென்று ஒதுக்கப்பட வேண்டும் என்று வரையறுக்கவில்லை. ஆகவே அந்தப் பொறுப்பு குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. உங்கள் தங்கைக்கு ஒரு செய்தியைச் சொல்லுங்கள்: சிறார் பாதுகாவலர் சட்டம் 1999இல் திருத்தப்பட்டதிலிருந்து, முஸ்லிம் அல்லாத குடும்பங்களில் பிள்ளையின் சொத்தைப் பார்த்துக்கொள்வதில் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிள்ளைக்காக எஸ்எஸ்பிஎன் என்ற தேசியக் கல்விச் சேமிப்புத் திட்டக் கணக்கில் போடுகிறோம் என்று பலர் நிம்மதியடைகிறார்கள். அது நல்ல சேமிப்புதான். ஆனால் அதில் வைப்பாளர் பெற்றோர். பணத்தை எடுக்கும் கையும் பெற்றோரின் கைதான். அதனால் எந்தக் கணக்கைத் திறந்தாலும், எடுக்கும்போது யார் கையெழுத்து வேண்டும் என்று முதலில் கேளுங்கள். 1960இல் அமைச்சர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி எடுத்து வைத்துப் பங்கு சேர்த்தார்கள். சொற்ப வருமானத்தில் அந்தப் பத்து வெள்ளியை நம்பிக் கொடுத்தார்கள் என்றால், அது அவரவர் பெயரில் பதிவானதும் ஒரு காரணம்.

என் யோசனை இதுதான். பெட்ரோல், உடை போன்ற நேரடிச் செலவை முதலில் கழியுங்கள். மிஞ்சுவதில் பாதிக்குக் குறையாத தொகையை, வீட்டுக்கு வராமலேயே, இசைக்குழுக்காரர் நேராகப் பிள்ளையின் வங்கிக் கணக்கில் போடட்டும். வேன் தவணையை முழுவதும் அவள் தலையில் ஏற்றாதீர்கள். அந்த வேனில் வீடே போய்வருகிறது.

முன்னாள் நடனக் கலைஞர், கிள்ளான்:

நான் எட்டு வயது முதல் பதினாறு வயது வரை மேடையில் ஆடினேன். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது அப்பாவிடம் என் பணத்தைக் கேட்டேன். இல்லை என்றார். எங்கே என்று கேட்டதற்குத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கூரையின் துத்தநாகத் தகடுகளை மாற்றியதும், பாட்டியின் மருத்துவச் செலவைக் கட்டியதும் என் ஆட்டக் காசுதான் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து அம்மா சொல்லித்தான் அறிந்தேன். எட்டு வயதிலேயே யாராவது என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "இந்தக் கூரை நீ போட்டது" என்று சொல்லியிருந்தால், மழை பெய்கிற ஒவ்வோர் இரவும் நான் எவ்வளவு பெருமையோடு படுத்திருப்பேன்! யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கும் எனக்கும் இடையில் பல ஆண்டுகள் பேச்சு குறைந்தே இருந்தது. பீடோர் அண்ணா, கணக்கைப் பிரிப்பதால் சந்தேகம் வரும் என்று அஞ்சுகிறீர்கள். எங்கள் வீட்டில் கணக்கே இல்லாததால் வந்தது. உங்கள் மகனுக்கு ஓவர்டைம் இழப்பையும் சொல்லுங்கள், அவன் புரிந்துகொள்வான்.

தாய்மாமன், சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மச்சானோடும் தங்கையோடும் உட்கார்ந்து பேசினேன். முதலில் அவருக்கு முகம் வாடிவிட்டது, தன்னைத் திருடன் என்று சொல்ல வந்திருப்பதாக நினைத்துவிட்டார். கிள்ளான் சகோதரி எழுதியதைக் கைப்பேசியில் காட்டினேன். இரண்டு முறை படித்தார். பிறகு தங்கையிடம், நாளைக்கே வங்கிக்குப் போய் வா என்றார்.

கணக்கர் சொன்னபடி இசைக்குழுக்காரர் பாதித் தொகையை அவள் கணக்கில் போட ஒப்புக்கொண்டார். மீதியை எழுதி வைக்க, மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்த 555 புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். நேற்று இரவு கோலகங்சாரில் பாடிவிட்டு வந்து, தூக்கக் கலக்கத்தோடு முதல் பக்கத்தில் அவளே எழுதினாள்: சம்பளம் 200, வங்கி 100, எண்ணெய் 30, அப்பா சாப்பாடு 8, மீதி 62 வீட்டுக்கு. அன்பளிப்பு உறையைத் திறந்து எண்ணி, அதையும் கீழே குறித்துக்கொண்டாள். கடந்த இரண்டு ஆண்டுகளின் பணத்தைப் பற்றி மட்டும் நாங்கள் இன்னும் பேசவில்லை. மச்சான் தாமாகவே அந்தப் பேச்சை எடுக்கட்டும் என்று காத்திருக்கிறேன்.