9-வது வாரம்: என் சோப்பு வாசனைகூட அவளுக்கு ஆகலை

கேள்வி:
என் மனைவிக்கு இது கர்ப்பத்தோட 9-வது வாரம். காலை வாந்தின்னு பேருதான், ராத்திரி 11 மணிக்கும் அவளுக்குக் குமட்டுது. நேத்து நான் குளிச்சிட்டு வந்ததும் மூக்கைப் பொத்திக்கிட்டு, "அந்தச் சோப்பைத் தூக்கிப் போடுங்க"ன்னு அழுதுட்டா. போட்டுட்டேன். 7-வது வாரம் ஸ்கேன்ல மினுக் மினுக்குன்னு ஒரு புள்ளி துடிச்சதைப் பார்த்ததிலேர்ந்து எனக்கும் தூக்கம் இல்லை. யார்கிட்டயும் இன்னும் சொல்லலை. இது எப்போ அடங்கும்?

பதில் 1:
எனக்கும் 9-லதான் உச்சம், தம்பி. பெரும்பாலும் 12–14 வாரத்துல குறைஞ்சிடும். வெறும் வயித்துலதான் குமட்டல் கூடும். கண் முழிச்சதும் எழுந்திருக்காம, தலைமாட்டுல வச்ச ரெண்டு பிஸ்கட்டைக் கடிச்சிட்டுக் கால் மணி நேரம் படுத்திருப்பேன்.

பதில் 2:
தண்ணிகூடத் தங்கலைன்னா, சிறுநீர் அடர் மஞ்சளாப் போனா, தலை சுத்தினா, காத்திருக்காம டாக்டர்கிட்ட போங்க. குமட்டுதுன்னு ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்திடாதீங்க. முதல் 12 வாரம் அது முக்கியம். எந்த நேரத்துல போட்டா தங்குதுன்னு மாத்திப் பாருங்க.

கேட்டவர்:
நன்றி அக்கா. தலைமாட்டுல பிஸ்கட் டப்பா வச்சாச்சு. பிஸ்கட் பரவாயில்லையாம், டப்பா வாசனைதான் பிடிக்கலையாம்.