ட்ரெபிள் வாசிக்கிறார்கள், பாஸ் கிளெஃப் வந்தால் தடுமாறுகிறார்கள். ஆறாம், ஏழாம் வகுப்புக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேட்டவர்: காரைக்குடி மியூசிக் டீச்சர்

வணக்கம். காரைக்குடியில் ஒரு பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை மியூசிக் எடுக்கிறேன். வாரத்துக்கு ஒரு பீரியட், அதையும் பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வார். 61 கட்டை கீபோர்டு கொஞ்சம் இருக்கிறது, இரண்டு மூன்று பேருக்கு ஒன்று என்று உட்கார வைக்கிறேன்.

ட்ரெபிள் கிளெஃப் (ஐந்து கோட்டின் முன்னால் போடுகிற குறி, மேல் சுரங்களுக்கு) ஓரளவு வந்துவிட்டது. கோட்டுக்கு இ ஜி பி டி எஃப், இடைவெளிக்கு எஃப் ஏ சி இ என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். கீழ்ச் சுரங்களுக்கான பாஸ் கிளெஃப் ஆரம்பித்ததும்தான் வம்பு. அடிக்கோடு ஜி என்று போர்டில் எழுதிப் போட்டிருந்தாலும் கை இ-க்குத்தான் போகிறது. போதாததற்கு வீட்டில் பாட்டோ வீணையோ கற்கிற பிள்ளைகள் சி-யை ‘ச’ என்கிறார்கள், பாட்டு ஜி மேஜருக்கு மாறினால் ஜி-யை ‘ச’ என்கிறார்கள், பக்கத்தில் இருப்பவனும் சேர்ந்து குழம்புகிறான். பெற்றோர் கிரேடு பரீட்சை பற்றிக் கேட்கிறார்கள். ஏபிஆர்எஸ்எம் என்கிற இங்கிலாந்து இசைத் தேர்வு வாரியத்தின் தியரியில் முதல் கிரேடுக்கே இரண்டு கிளெஃபும் வேண்டும், தள்ளிப்போடவும் முடியாது. வகுப்பில் எடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பள்ளத்தூர் கீபோர்டு

டீச்சர், முதலில் அந்த ஒப்பிக்கிறதை நிறுத்துங்கள். அடியிலிருந்து இ ஜி பி என்று எண்ணிப் பழகிய பிள்ளைக்கு ஐந்து கோடு கண்ணில் பட்டாலே அடிக்கோடு இ-தான், முன்னால் எந்த கிளெஃப் நின்றால் அவனுக்கென்ன. பாஸுக்கு இன்னொரு வாய்ப்பாடு கொடுத்தால் இரண்டும் கலந்துவிடும். கெட்டிக்காரப் பிள்ளைகள் ட்ரெபிள் மாதிரியே படித்துவிட்டு மனதுக்குள் இரண்டு எழுத்து கூட்டிக்கொள்வார்கள், ஒற்றைக் கையில் வாசிக்கும்வரை அது தெரியாது, இரண்டு கையும் சேரும்போது நின்றுவிடும்.

இரண்டையும் ஒரே படமாகக் காட்டுங்கள். போர்டில் பதினோரு கோடு போடுங்கள். நடுவில் இருக்கிற ஆறாவது கோடு மிடில் சி, அதாவது கீபோர்டின் நடுவில் வருகிற சி. மேலே ஐந்து ட்ரெபிள், கீழே ஐந்து பாஸ். பதினோரு கோட்டைப் பார்த்ததும் எது எது என்று கண்ணுக்குப் பிடிபடாது, அதனால் நடுக்கோட்டை அழித்துவிட்டு சி வருகிற இடத்தில் மட்டும் துண்டாக ஒரு கோடு போடுகிறோம், லெட்ஜர் லைன் என்பது அதுதான். இதைப் பிள்ளைகள் கண்முன்னால் டஸ்டர் எடுத்து அழித்துக் காட்ட வேண்டும், சும்மா சொன்னால் ஏறாது.

அப்புறம், மிடில் சி கோட்டிலிருந்து இரண்டு கோடு ஏறினால் ஜி, ட்ரெபிள் கிளெஃப் சுருண்டு நிற்பது அந்தக் கோட்டில். இரண்டு கோடு இறங்கினால் எஃப், பாஸ் கிளெஃபின் இரண்டு புள்ளிக்கும் நடுவில் இருப்பது அந்தக் கோடு. இரண்டு பக்கமும் ஒரே தூரம். கிளெஃப் இரண்டுமே ஜி, எஃப் என்ற எழுத்துகளை அந்தந்தக் கோட்டின் முனையில் எழுதிவந்து காலப்போக்கில் உருமாறியவைதான். எஃப், சி, ஜி மூன்றும் நிலையாக மனதில் இருந்தால் போதும், மற்றதெல்லாம் பக்கத்தில் இருப்பதிலிருந்து போய்ச் சேர்வது. கானாடுகாத்தானில் நிற்கிறவன் பக்கத்துத் தெருவுக்குப் போகக் காரைக்குடிக்கு வந்து கிளம்ப வேண்டியதில்லையே.

11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் அரெஸ்ஸோ ஊர் கீதோ என்ற துறவி எஃப் கோட்டைச் சிவப்பிலும் சி கோட்டை மஞ்சளிலும் போட்டு எழுதினார், புதுப் பாட்டைச் சீக்கிரம் படித்துப் பாட வேண்டும் என்பதற்காக. நமக்குக் கோலமாவும் காவியும் இருக்கிறது. பள்ளி முற்றத்தில் மாவில் பத்து கோடு, நடுக்கோடு காவி. ஒரு பிள்ளை கோட்டில் நிற்கட்டும், இன்னொருவன் கீபோர்டில் அதை வாசிக்கட்டும். கோட்டிலிருந்து பக்கத்து இடைவெளிக்கு வந்தால் அடுத்த எழுத்து, கோட்டிலிருந்து கோட்டுக்குத் தாண்டினால் நடுவில் ஒரு எழுத்து விட்டுப்போகும். எழுத்தின் பெயரைவிட இந்தத் தூரத்தைத்தான் கண் பழக வேண்டும்.

இன்னொன்று, நோட்டுக்கு அடியில் பென்சிலால் எழுத்து எழுத விடாதீர்கள். எழுதிவிட்டால் கண் எழுத்தைத்தான் படிக்கும், மேலே இருக்கிற புள்ளி வெறும் அலங்காரம்.

பதில்: கோட்டையூர் வீணை

‘ச’ குழப்பத்துக்கு நான் சொல்கிறேன். பாட்டு கற்கிற பிள்ளைக்குச் சுதி தெரியும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுதியில் ஒரு கட்டை என்றால் கீபோர்டில் சி, இரண்டு கட்டை டி, நான்கு கட்டை எஃப், ஐந்து கட்டை ஜி. அவளிடம் “நீ ஐந்து கட்டையில் பாடுகிறாய், உன் ச எந்தக் கட்டையில் இருக்கிறது?” என்று கேளுங்கள், ஜி-யைத் தொடுவாள். கட்டை நகராது, ச-தான் பாடுகிறவருக்கு ஏற்ப நகரும் என்று அவளே சொல்லிவிடுவாள். கோட்டில் எழுதியிருப்பது கட்டை. இவ்வளவுதான், இதற்காக ச-வைத் தப்பு என்று அடக்கிவிடாதீர்கள், பின்னால் மேஜர் ஸ்கேலை வேறு வேறு சுதியில் எடுக்கும்போது அந்தப் பிள்ளைகள்தான் முந்துவார்கள்.

பாஸ் கிளெஃபுக்கும் ஒரு வழி உண்டு. நம் முறையில் மந்திர ஸ்தாயி (கீழ் ஸ்தாயி) என்றால் எழுத்துக்குக் கீழே புள்ளி, தார ஸ்தாயி (மேல் ஸ்தாயி) என்றால் மேலே புள்ளி. இவர்கள் புள்ளிக்குப் பதிலாக இடத்தையே மாற்றி எழுதுகிறார்கள் என்று சொல்லுங்கள். ஒரு கட்டைச் சுதிக்கு ச-வை மிடில் சி-யில் வைத்தால் அதற்குக் கீழே வருகிற மந்திர ஸ்தாயி முழுக்க பாஸ் பக்கம்தான் விழும்.

பயிற்சிக்குப் புதுப் புத்தகம் தேட வேண்டாம். கர்நாடக சங்கீத ஆரம்பப் பாடமான தாட்டு வரிசையை எழுதிக் கொடுங்கள், தாவித் தாவி வருகிறதா, மேலே தம்பி சொன்ன தூரப் பயிற்சி தானாக நடக்கும். ஒரே வரிசையை வலது கைக்கு ட்ரெபிளிலும் இடது கைக்கு பாஸிலும் எழுதுங்கள். மாயாமாளவகௌளை ராகம் என்பதால் டி-க்கும் ஏ-வுக்கும் ஃப்ளாட் (அரைச் சுரம் இறக்குகிற குறி) போட மறக்காதீர்கள், போடாவிட்டால் சங்கராபரணம் ஆகிவிடும். போடாமல் ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள், வீணைப் பிள்ளைகள் உடனே முகம் சுளிப்பார்கள். ஃப்ளாட் பாடம் அங்கேயே முடிந்தது.

பதில்: தேவகோட்டை கொயர்

பள்ளத்தூர்த் தம்பி சொல்வது எல்லாம் சரி, ஆனால் ஆறாம் வகுப்புக்கே பதினோரு கோட்டையும் கொட்டுவது எனக்கு ஒப்பவில்லை. வாரத்துக்கு ஒரு பீரியடில் எவ்வளவுதான் ஏறும்? ஆறாம் வகுப்புக்கு மிடில் சி-க்கு மேலே ஐந்து எழுத்து, கீழே ஐந்து எழுத்து, அதோடு நிறுத்துங்கள். சி-யிலிருந்து ஜி, சி-யிலிருந்து எஃப். இரண்டு கிளெஃபும் வந்துவிட்டது, சுமையும் இல்லை.

எங்கள் பக்கம் கோயில் கொயரில் பெரியவர்கள் பலர் ஸ்டாஃப், அதாவது இந்த ஐந்து கோடு, பார்க்க மாட்டார்கள், டோ ரே மீ முதலெழுத்து போட்ட டானிக் சால்ஃபாதான். இங்கிலாந்தில் ஜான் கர்வென் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய முறை, பாடுவதற்கு அருமையானது, கீபோர்டுக்கு உதவாது. பிள்ளைகளை ஸ்டாஃபுக்குக் கொண்டுவர நான் பாடல் புத்தகத்தைத்தான் எடுப்பேன். நான்கு குரலும் இரண்டு ஸ்டாஃபில் இருக்கும்: மேலே சோப்ரானோவுக்கு நோட்டின் குச்சி மேல்நோக்கி, ஆல்ட்டோவுக்குக் கீழ்நோக்கி, பாஸ் ஸ்டாஃபில் டெனருக்கும் பாஸுக்கும் அதே மாதிரி. ஏழு எட்டாம் வகுப்பில் பையன்களுக்குக் குரல் உடைகிற வயசு, மேல் வரி எட்டாமல் வாயைத் திறக்கவே வெட்கப்படுவான். அவனிடம் பாஸ் வரியைக் கொடுத்து “இது உனக்கு” என்று சொல்லிப் பாருங்கள். குரல் இன்னும் உடையாதவன் ஒரு ஸ்தாயி மேலே பாடினாலும் பரவாயில்லை, கண் பழகினால் சரி.

கேட்டவர்: காரைக்குடி மியூசிக் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. கட்டைக் கணக்கு இன்றைக்கே சொல்லிப் பார்த்தேன், வீணைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சந்தேகம். எட்டாம் வகுப்புப் பையன்கள் கோலக் கோட்டில் நிற்கச் சொன்னால் சிரித்தே பீரியடை முடித்துவிடுவார்கள். கீபோர்டும் எல்லோருக்கும் இல்லை. அவர்களுக்கு என்ன செய்வது?

பதில்: பள்ளத்தூர் கீபோர்டு

அவர்களுக்குச் சி வேட்டை வையுங்கள் டீச்சர். உங்கள் 61 கட்டையில் இடது ஓரக் கட்டை சி, அங்கிருந்து மூன்றாவது சி மிடில் சி. ஸ்டாஃபில் பாருங்கள்: பாஸில் கீழிருந்து இரண்டாவது இடைவெளி ஒரு சி, ட்ரெபிளில் மேலிருந்து இரண்டாவது இடைவெளி ஒரு சி. பாஸுக்குக் கீழே இரண்டாவது லெட்ஜர் லைன் ஒரு சி, ட்ரெபிளுக்கு மேலே இரண்டாவது லெட்ஜர் லைன் இன்னொன்று. மிடில் சி-யில் தாளை மடித்தால் ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்காரும். நீங்கள் அட்டையைக் காட்டுங்கள், முதலில் சரியான கட்டையைத் தொடுகிறவனுக்குப் பாயின்ட். கீபோர்டு கிடைக்காதவர்களுக்குச் சார்ட் பேப்பரில் கட்டை வரைந்து கொடுங்கள், சத்தம் வராவிட்டாலும் இடம் பழகும், அடுத்த சுற்றில் ஆளை மாற்றிக்கொள்ளலாம். கொயர் அண்ணன் சொன்ன மாதிரி ஐந்து எழுத்தோடு நிறுத்துவது ஆறாம் வகுப்புக்குச் சரிதான், எட்டாம் வகுப்புக்கு அது போதாது, போரடித்துவிடும்.